தாளுக்கு முன் குரல்: சௌராஷ்டிர வீடுகளில் மாணவர்கள் செய்ய வேண்டிய ஆவணப் பணி

மின்னாக்கம் என்றதும் மாணவர்கள் முதலில் கேட்பது, ஸ்கேனர் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். நல்ல கேள்விதான், ஆனால் அதற்கான இடம் பின்னால் வருகிறது. பழைய நோட்டு இன்னும் பத்து ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். அதை வாசித்துப் பொருள் சொல்லக்கூடிய எண்பது வயதுக்காரர் அதுவரை நமக்காகக் காத்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் இந்த நூலில் நான் சொல்லும் வேலைமுறை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வரிசைதான் இருக்கிறது: முதலில் குரல், அடுத்து தாள், கடைசியில் இணையம். இந்த அத்தியாயம் அந்த வரிசையை ஒரு சமூகத்தின் வீடுகளில் வைத்து விளக்குகிறது.

எடுத்துக்கொண்ட சமூகம் தமிழ்நாட்டுச் சௌராஷ்டிரர்கள். மதுரையில் மகால் வீதிகள், கீழவாசல், கைத்தறி நகர் பக்கம் போனால் தெருவில் காதில் விழும் மொழி அவர்களுடையது. பரமக்குடி, சேலம், கும்பகோணம், திண்டுக்கல் ஆகிய ஊர்களிலும் இருக்கிறார்கள். பட்டும் பருத்தியும் நெய்தவர்கள். இந்தோ ஆரிய மொழி ஒன்றை வீட்டிலும் தமிழை வெளியிலும் பேசிக்கொண்டு பல நூற்றாண்டுகளாக இங்கேயே வாழ்பவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகப் பதிவு செய்தவர்கள் 2,47,702 பேர். எண்ணிக்கை சிறியதல்ல. ஆனால் பேசுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மொழியின் சொந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. பள்ளியில் அது இல்லை. பேச்சு வீட்டுக்குள் இருக்கிறது, எழுத்து பெட்டிக்குள் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். மாணவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் முன், ஏற்கெனவே என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள்தான் முதல் ஆள் என்ற நினைப்போடு போவது அந்தச் சமூகத்தில் உழைத்தவர்களை அவமதிப்பதாகும். தொ. மு. ராமராய் (1852-1913) சௌராஷ்டிர எழுத்தைச் சீர்செய்து, அதற்கு அச்செழுத்து வார்க்கச் செய்து, பாடநூல்கள் அச்சிட்டவர். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843-1914) சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடிய கீர்த்தனைகள் இன்றும் பஜனைகளில் பாடப்படுகின்றன. திருக்குறளைச் சௌராஷ்டிரத்தில் தந்தவர் சங்கு ராம். லண்டன் இந்தியா ஆபீஸ் நூலகத்தில் பணியாற்றிய எச். என். ராண்டில் 1940களிலேயே இம்மொழி பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ஜப்பானிய மொழியியலாளர் நொரிஹிகோ உச்சிதா மதுரைக்கு வந்து வாய்மொழி இலக்கியத்தைத் திரட்டி 1979இல் நூலாக்கினார், 1990இல் சௌராஷ்டிர-ஆங்கில அகராதியும் வெளியிட்டார். கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் தமிழில் எழுதிய 'வேள்வித் தீ' இந்த நெசவாளர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். அதையாவது படித்துவிட்டுப் போங்கள். தறிமேடையில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது ஓரளவு பிடிபடும்.

நூலகப் பட்டியல்களைப் பார்ப்பதிலும் பலன் உண்டு. 1867ஆம் ஆண்டு அச்சக, நூல் பதிவுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் அச்சான நூல்கள் பதிவாக வேண்டியிருந்தது. அதனால் மதுரையில் ஒரு பிரதிகூடக் கிடைக்காத சிறு நூல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியலில் இருக்க வாய்ப்புண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இரண்டிலும் தேடுங்கள். ஏற்கெனவே நல்ல படி இருக்கிற அச்சுநூலுக்கு உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம். கையெழுத்து நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கணக்குப் புத்தகம், பஜனை மடத்துப் பாட்டேடு, குடும்பப் புகைப்படத்தின் பின்பக்கக் குறிப்பு என உலகில் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ளவைதான் உங்கள் பங்கு.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். 'சௌராஷ்டிரா' என்று தட்டினால் குஜராத்தின் தீபகற்பமும் அதன் கிரிக்கெட் அணியும்தான் முதலில் வந்து நிற்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இம்மொழி குஜராத்தியின் கீழ்த்தான் தொகுக்கப்படுகிறது. நீங்கள் பதிவேற்றும்போதும் அதே குழப்பத்துக்குள் தள்ளிவிடாதீர்கள். மொழி என்ற கட்டத்தில் குஜராத்தி என்று போடக் கூடாது. சௌராஷ்டிரத்துக்கு எஸ்-ஏ-இஸட் என்ற தனி மூன்றெழுத்துக் குறியீடு பன்னாட்டுத் தரப்பட்டியலில் இருக்கிறது. அதைப் போடுங்கள். ஊர்ப்பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

முதல் நாள்: பெட்டியைத் திறக்காதீர்கள்

குழுவுக்கு இருவர் போதும். ஒருவர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவராக இருக்க வேண்டும். வெளியாள் மட்டும் போனால் பெரியவர்கள் மரியாதைக்காகத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். கதை கிடைக்கும், மொழி கிடைக்காது. சமூகத்தைச் சேர்ந்தவர் மட்டும் போனாலும் ஒரு குறை உண்டு. "உனக்குத்தான் தெரியுமே" என்று பாதியை விட்டுவிடுவார்கள். தெரியாத ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் விளக்கம் வரும். இந்த ஜோடியைக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பில் கேமரா வேண்டாம், படிவமும் வேண்டாம். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"பாட்டி, தாத்தா எழுதின பாட்டு நோட்டு உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க. இன்னொரு நாள் வந்து பார்க்கலாமா?"

"அது எதுக்குப்பா உங்களுக்கு? கொண்டுபோயி ஆபீஸ்ல குடுத்துருவீங்களா?"

"இல்ல பாட்டி. நோட்டு இந்த வீட்டை விட்டு எங்கயும் போகாது. இங்கயே உட்கார்ந்து படம் எடுத்துக்கிறோம். எடுத்த படத்தோட ஒரு பிரதியை உங்ககிட்டயே தர்றோம். வெளிய யார் பார்க்கலாம்னு நீங்க சொல்றதுதான்."

அந்தப் பாட்டியின் கேள்வி வெறும் சந்தேகம் அல்ல. ஆய்வுக்கு என்று வாங்கிக்கொண்டு போன ஏடுகளும் நோட்டுகளும் திரும்பி வராத வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய. அதனால் மூலப்பொருளை ஒரு இரவுக்குக்கூட வெளியே எடுத்துப் போகாதீர்கள். அவர்களே "எடுத்துட்டுப் போப்பா" என்று சொன்னாலும் வேண்டாம். 2004இல் தொடங்கிய பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டமே மூலங்கள் சொந்த நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்ற விதியோடுதான் நிதி தருகிறது. மாணவர்கள் அந்த விதியை வீட்டு வாசற்படி வரை சுருக்கிக்கொள்ளலாம்.

ஒப்புதல் இரண்டாம் சந்திப்பில். தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, சௌராஷ்டிரத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று நிலைகளைத் தாருங்கள்: குடும்பத்துக்கு மட்டும், சமூகத்தாருக்கும் ஆய்வாளருக்கும், எல்லோருக்கும். ஒரு வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே நிலை என்று இருக்காது. கீர்த்தனை நோட்டை உலகமே பார்க்கலாம் என்பவர், அதே பெட்டியில் உள்ள ஜாதகத்தையும் கடன் சீட்டையும் யாரும் பார்க்கக் கூடாது என்பார். அவர் சொல்வது சரி. பழைய கணக்குப் புத்தகத்தில் பக்கத்துத் தெருக் குடும்பத்தின் கடன் எழுதியிருக்கும், அந்தக் குடும்பத்தின் பேரன் இன்றும் அதே தெருவில் இருப்பான். கொடுத்த அனுமதியைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். பிள்ளைகளில் ஒருவர் சரி என்றும் மற்றவர் வேண்டாம் என்றும் சொன்னால், வேண்டாம் என்பதே முடிவு.

பதிப்புரிமையையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தியச் சட்டத்தில் ஓர் ஆசிரியரின் எழுத்துக்கு அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ராமராயின் நூல்கள் எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன. 1990இல் இறந்த தாத்தாவின் பாட்டு நோட்டு ஆகவில்லை, அதன் உரிமை அவர் வாரிசுகளிடம் இருக்கிறது. பாடியவருக்கு, பாட்டு யாருடையதாக இருந்தாலும், தன் பாடலின் பதிவு மீது 50 ஆண்டு உரிமை உண்டு. மாணவர்கள் அடிக்கடி மறப்பது இந்த இரண்டாவதைத்தான். பாட்டு பழையது என்பதற்காகப் பாடிய பாட்டியிடம் கேட்காமல் யூடியூபில் ஏற்றிவிடக் கூடாது.

குரல்

ஒலிப்பதிவுக்குக் காலர் மைக் ஒன்றை வாங்குங்கள். குழுவின் முதல் செலவு இதுவாகவே இருக்கட்டும். நல்ல கைப்பேசியும் காலர் மைக்கும் இருந்தால் போதும். கைப்பேசியில் தானாக வரும் பதிவுச் செயலி ஒலியைச் சுருக்கிவிடும், அதனால் வேவ் வடிவில் சேமிக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 500 மெகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். இடத்தை முன்கூட்டிக் காலி செய்து வைத்துக்கொள்ளுங்கள். மதுரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கடினம். வேகத்தைக் குறைத்து, மைக்கை அதன் காற்று படாத பக்கம் குத்துங்கள். தறிச் சத்தத்தைப் பேட்டியின் பின்னணியில் விடாதீர்கள். ஆனால் அதைத் தனியாகப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் விசைத்தறி வந்தபிறகு குழித்தறியின் ஓசையே அரிதாகிவிட்டது.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரலுக்குள் இருக்கும் விவரம் மாறாது.

நோட்டு இருக்கிற வீடென்றால், இந்தக் கட்டத்தில்தான் பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும். பெரியவரின் மடியில் நோட்டை வைத்து, பதிவை ஓடவிட்டு, பக்கம் பக்கமாக அவரே புரட்டட்டும். "இது எங்க அப்பா கையெழுத்து. இதுக்கு மேல வேற ஆள் எழுதினது." "இந்தப் பாட்டு மாப்பிள்ளை அழைப்புக்கு." "இந்தப் பக்கத்தை ஏன் கிழிச்சாங்கன்னா..." இப்படி வரும். பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் உங்களில் ஒருவர் மெதுவாகப் பக்க எண்ணைச் சொல்லிக்கொண்டே இருங்கள். பின்னால் படமும் பேச்சும் பொருந்துவதற்கு அந்த எண் ஒன்றுதான் வழி. விவரம் இல்லாமல் ஏற்றப்பட்ட ஆயிரம் படங்களைவிட, இப்படி ஒரு மணி நேரம் பேசி விளக்கப்பட்ட நாற்பது பக்கம் மேலானது என்பேன். நிதி தருபவர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் ஆயிரம் என்ற எண்தான் பிடிக்கும். அதற்கு இணங்கிவிடாதீர்கள்.

எழுத்தில் இல்லாதவையும் இருக்கின்றன. பாவு, ஊடை, நாடா, தார், விழுது, மிதி என்று தமிழில் நாம் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் வேறு சொல் இருக்கும். பொருளைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லி, சொல்லை மூன்று முறை சொல்லச் சொல்லி, அந்தச் சொல் வரும்படி ஒரு வாக்கியமும் கேட்டு வாங்குங்கள். தாலாட்டு, கல்யாணச் சடங்குப் பாட்டு, விடுகதை, குடும்பப் பெயர் வந்த கதை, முள்ளுமுருங்கை வடைக்கு அரிசி அரைக்கும் பதம், இவை எதுவும் ஏட்டில் வராது. பெண்களிடம் தனியாகப் பேச நேரம் ஒதுக்குங்கள். கூடத்தில் ஆண்கள் இருக்கும்போது பாட்டுகளில் பாதி வெளியே வருவதில்லை.

சுங்குடிப் புடவைக்கு முடிச்சு கட்டும் கைகளைப் படமெடுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. ஆனாலும் சுங்குடி என்ற பெயரில் இன்று கடையில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை அச்சுப் புள்ளிகள். கையால் கட்டும் முறையில் துணியை நக நுனியால் துளித்துளியாகக் கிள்ளி எடுத்து, நூலால் சுற்றி இறுக்கி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் இழுத்துப் பிரிப்பார்கள். நூல் இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி நிற்கும். ஒரு புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பழகிய கை இதைச் செய்யும் வேகத்தில், எதிரே நின்று எடுத்த வீடியோவில் ஒன்றும் தெரியாது. கட்டுபவரின் தோளுக்குப் பின்னால், சற்று மேலே கேமராவை நிறுத்துங்கள். அவர் கண் பார்ப்பதை அது பார்க்கட்டும். முதலில் வழக்கமான வேகத்தில் ஐந்து நிமிடம். அடுத்து, ஒரே ஒரு முடிச்சை மிக மெதுவாக, ஒவ்வொரு அசைவுக்கும் பெயர் சொல்லியபடி. விரல் எங்கே அழுத்துகிறது, நூலை எத்தனை சுற்று சுற்றுகிறார், பல்லால் கடிக்கிறாரா, இறுக்கும்போது மூச்சைப் பிடிக்கிறாரா என்பதெல்லாம் அதில் விழ வேண்டும். பார்த்து ஒருவர் கற்றுக்கொள்ள முடிகிறதா என்பதே இந்த வீடியோவுக்கான சோதனை. உங்கள் குழுவிலேயே ஒருவர் அதை மட்டும் பார்த்து ஒரு கைக்குட்டையில் கட்டிப் பார்க்கட்டும். வராவிட்டால் மறுபடி போய் எடுங்கள்.

தாள்

ஏ4 அளவுத் தாளைச் சட்டம் நிறையப் பிடித்தால், 12 மெகாபிக்சல் கைப்பேசிக் கேமராவில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 340 புள்ளிகள் கிடைக்கும். அச்சுப் பக்கத்துக்கு 300 போதும். மெல்லிய கையெழுத்துக்கும் பென்சிலுக்கும் 400க்கு மேல் வேண்டும். சிறிய நோட்டு என்றால் அதே கேமராவிலேயே அது கிடைத்துவிடும், பெரிய தாளை இரண்டு பாதியாக எடுக்கலாம். கைப்பேசியைக் கையில் பிடிக்காதீர்கள். நேர்கீழே பார்க்கும்படி ஒரு தாங்கி செய்துகொள்ளுங்கள், இரு பக்கமும் சாய்வாக ஒரே நிற விளக்குகளை வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஓரத்தில் அளவுகோலும் சாம்பல்நிற அட்டையும் இருக்கட்டும். அட்டை, முதுகு, வெற்றுப் பக்கம், நடுவே செருகிய துண்டுச் சீட்டு எதையும் விடக் கூடாது. பழைய நோட்டை நூற்றெண்பது பாகைக்கு விரிக்காதீர்கள். இருபுறமும் மடித்த துண்டு வைத்து நூறு பாகையளவில் நிறுத்தி, ஒரு பக்கம் முழுவதையும் முடித்து மறுபக்கம் எடுங்கள்.

கைப்பேசியின் ஸ்கேன் செயலிகளைப் பற்றிக் கண்டிப்பாக இருக்கிறேன்: இந்த வேலைக்கு அவை கூடவே கூடாது. அவை தாளை வெளுப்பாக்கி, எழுத்தைக் கறுப்பாக்கி, சிறு புள்ளிகளை அழுக்கு என்று துடைத்துவிடும். சௌராஷ்டிர நோட்டில் அந்தப் புள்ளிதான் எழுத்து. இதை நேரில் பார்த்தால்தான் விளங்கும். தமிழ் எழுத்தில் சௌராஷ்டிரம் எழுதுபவர்கள் க, ச, ட, த, ப வரிசைகளின் ஒலி வேறுபாட்டைக் காட்ட எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிற்றெண் இடுகிறார்கள். ந, ம, ர, ல ஆகியவற்றின் மூச்சுக் கலந்த ஒலிக்கு எழுத்துக்குப் பின்னால் இரட்டைப் புள்ளி (:) வைக்கிறார்கள். மலிவுத் தாளில் நீல மையால் எழுதிய அந்தச் சிற்றெண் கடுகளவு இருக்கும். ஸ்கேன் செயலி அதைத் துடைத்தால் பக்கம் அழகாகத் தெரியும், சொல் வேறாகிவிடும். சாதாரணக் கேமராவில், அழகுபடுத்தும் அமைப்புகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு எடுங்கள். முதல் ஐந்து பக்கங்களை எடுத்தவுடன் கணினியில் பெரிதாக்கி, சிற்றெண்களும் இரட்டைப் புள்ளிகளும் தெரிகின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகு ஆறாம் பக்கத்துக்குப் போங்கள்.

அதே காரணத்தால் மூலப் படங்களை வாட்ஸாப்பில் அனுப்பிக்கொள்ளாதீர்கள். அது படத்தைச் சுருக்குகிறது, படத்தோடு இருந்த தேதி விவரத்தையும் கழற்றிவிடுகிறது. கேபிளில் இறக்குங்கள். 12 மெகாபிக்சல் படத்தைச் சுருக்காத டிஃப் கோப்பாக வைத்தால் ஒன்று 36 மெகாபைட், 200 பக்க நோட்டு 7 கிகாபைட் தாண்டும். அது பெரிய செலவில்லை. குடும்பத்துக்கு மட்டும் என்றவை நீங்கலாக மற்றவற்றை, கல்லூரியில் ஒரு வன்தட்டு, பொறுப்பாசிரியரிடம் ஒன்று, இணையத்தில் ஒரு படி என்று மூன்று இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் செக்சம் எண்ணைக் கணக்கிட்டுத் தனிப்பட்டியலாகச் சேமித்து, ஆண்டுக்கொருமுறை ஒத்துப்பாருங்கள். கோப்புக்கு வீட்டின் எண், பொருளின் எண், பக்க எண் என்ற வரிசையில் பெயரிடுங்கள். குடும்பத்தின் பெயரைக் கோப்பின் பெயரில் போட வேண்டாம்.

தாளைத் தொடும் விஷயத்தில் ஒரே விதி: எதையும் சரிசெய்ய முயலாதீர்கள். செலோடேப், லேமினேஷன், பசை மூன்றும் தாளுக்குக் கேடு. ஓலைச்சுவடி கிடைத்தால் எண்ணெய் பூசவோ மை தடவவோ நீங்கள் போகாதீர்கள், அது பயிற்சி பெற்றவரின் வேலை. தூசியை மென்தூரிகையால் தட்டி, இருக்கும் நிலையில் படமெடுத்து, துணியில் சுற்றித் திரும்ப வையுங்கள்.

எழுத்து

படம் எடுத்ததோடு நோட்டு இணையத்தில் தேடக் கிடைத்துவிடாது. டெஸராக்ட் போன்ற எழுத்துணரிகள் தமிழை ஓரளவு வாசிக்கும், சௌராஷ்டிர எழுத்தை வாசிக்கா. தமிழ் எழுத்தில் உள்ள சௌராஷ்டிரத்தையும் அவற்றிடம் கொடுக்காதீர்கள். சிற்றெண்ணை ஒன்று விட்டுவிடும், அல்லது சொல்லுக்கு நடுவே சாதாரண எண்ணாகப் போட்டுவிடும். கையால் தட்டச்சு செய்வதே வழி. 2008இல் வந்த யூனிகோட் 5.1 பதிப்பிலேயே சௌராஷ்டிர எழுத்துக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. மூச்சொலியைக் காட்டும் 'ஹாரு' குறிக்கும் அங்கே தனிக் குறியீடு இருக்கிறது. கூகுளின் நோட்டோ வரிசையில் இலவச எழுத்துருவும் உண்டு. கணக்குப் புத்தகங்களில் வரும் பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு 2019இல் வந்த யூனிகோட் 12இல்தான் இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய எழுத்துருவில் அவை கட்டமாகத் தெரியும்.

இம்மொழியை எந்த எழுத்தில் எழுதுவது என்பதில் சமூகத்துக்குள்ளேயே நூறாண்டுக்கு மேலாக விவாதம் நடக்கிறது. ராமராயின் எழுத்து, தேவநாகரி, தமிழ் என்று ஒவ்வொன்றுக்கும் பற்றுள்ளவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் மொழி மீதுள்ள அக்கறையால் பேசுகிறவர்கள்தான். மாணவர் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டில் எந்த எழுத்து இருக்கிறதோ அதே எழுத்தில், பிழை என்று தோன்றுவதையும் திருத்தாமல் தட்டச்சு செய்யுங்கள். அடுத்த நிரலில் மற்ற எழுத்துக்கு மாற்றியும், மூன்றாவதில் தமிழ்ப் பொருளும் தாருங்கள். ஒலிப்பதிவுக்கு ஈலான் என்ற இலவசச் செயலி உதவும். எந்த நொடியில் எந்தச் சொல் என்று குரலின் கீழேயே எழுத்தைப் பொருத்திக்கொண்டு போகலாம்.

தட்டச்சு செய்ததைப் பெரியவரிடம் வாசித்துக் காட்டாமல் எதையும் வெளியிடாதீர்கள். இரட்டைப் புள்ளி ஒன்று விடுபட்டாலும் அவர் காது பிடித்துவிடும். அந்தத் திருத்த அமர்வையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். பல சமயம் முதல் பேட்டியில் வராத கதை இந்தத் திருத்தத்தின்போதுதான் வரும்.

எங்கே வைப்பது

ஒரே இணையதளத்தை நம்பாதீர்கள். மாணவர் திட்டங்களில் பல, நடத்தியவர் பட்டம் வாங்கிப் போனதும் தளத்துக்குச் சந்தா கட்ட ஆளில்லாமல் மறைந்துவிடுகின்றன. எல்லோருக்கும் என்று அனுமதி கிடைத்தவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றலாம், உரிமை முடிந்த நூல்களை விக்கிமீடியா பொதுவகத்திலும் சேர்க்கலாம். சமூகத்தாருக்கு மட்டும் என்றவை கல்லூரி நூலகக் கணினியில், பொறுப்பாளர் பெயரோடு இருக்க வேண்டும். குடும்பத்துக்கு மட்டும் என்றவற்றைப் பென்டிரைவில் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டு, உங்களிடம் உள்ள படியை அவர்கள் கண்ணெதிரே அழித்துவிடுங்கள்.

இந்த வேலை நீடித்து நிற்குமா என்று தயங்குபவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்வேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அந்த இழப்பின் நினைவோடு வளர்ந்த தலைமுறையினர் 2005இல் தன்னார்வலர்களாகத் தொடங்கியதுதான் 'நூலகம்' என்ற மின்னூலகம். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் இதழ்களும் நூல்களும் துண்டறிக்கைகளும் இன்று அதில் பெருந்தொகுப்பாக இருக்கின்றன. இன்னொன்று செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் வீட்டில் சேர்த்து வைத்த அச்சுநூல்கள். அந்த ஒரு வீட்டுச் சேகரத்தின் மீதுதான் 1994இல் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இரண்டும் கட்டடத்திலிருந்து தொடங்கவில்லை. உங்கள் குழுவின் முதல் ஆண்டு முடிவில் கையில் இருக்க வேண்டியதும் கட்டடம் அல்ல, ஒரு பட்டியல்தான்: எந்த வீட்டில் என்ன இருக்கிறது, யாருக்கு வாசிக்கத் தெரியும், எதற்கு என்ன அனுமதி, எது இன்னும் எடுக்கப்படவில்லை.

அந்தப் பட்டியலில் 'யாருக்கு வாசிக்கத் தெரியும்' என்ற நிரலை வயது வாரியாக அடுக்குங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பொறுப்பு கைமாறும் நாளில் பழைய குழு புதிய குழுவை அந்த வீடுகளுக்கெல்லாம் நேரில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்த வேண்டும். அச்சிட்டுக் கட்டிய நோட்டின் படி ஒன்றையும், பெரிய எழுத்தில், அன்றைக்கே வீட்டில் கொடுத்துவிடுங்கள்.